இல்லாத ஒருத்தி

எசென்குலுக்குப் பேர் வாங்கித் தந்தது உடம்புதான். இடைவாரைப் பிடித்து மல்லுக்கு நின்றால் அவனை அத்-பாஷிப் பள்ளத்தாக்கில் யாருமே சாய்த்ததில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று பேர் சாய்த்திருக்கிறார்கள். சாய்த்தவர்கள் அதை இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதிலிருந்தே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளலாம். நாற்பதைத் தாண்டியதும் மல்லை விட்டுவிட்டு, குதிரையும் ஆடும் வளர்த்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஒரு கிடாயை இரண்டு பேராகப் பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். அவன் தனியாக அணைத்துத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல உள்ளே வைப்பான். வாங்க வந்தவர்கள் கிடாயை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்கள்.

அவன் மனைவி புருல்சா. ஒரே மகளின் பேர் ஜாங்கில்; அவள் கல்யாணமாகித் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் என்று எங்கள் தெருவில் பேர்.

கோளாறு ஒரு குளிர்காலத்தில் தொடங்கியது. ஜனவரி மாதம், கதவுப் பிடியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். எசென்குல் சட்டை நனைய வியர்த்துக் கிடந்தான். எழுந்து ஜன்னலைத் திறந்தான். புருல்சா மூடினாள். மறுபடி திறந்தான்.

"ஊருக்கெல்லாம் சேத்தா அடுப்பு எரிக்கிறோம்?" என்றாள் அவள்.

"எனக்கு வேகுது."

"உங்களுக்கு மட்டும் என்ன தனியா வேகுது? அதே அடுப்பு, அதே அறை."

அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, சேணங்கள் வைக்கும் முன்னறைக்குப் போய்ப் படுத்தான். அங்கே அடுப்பே கிடையாது. அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் என்று அவள் நினைத்தாள். அதன்பின் அவன் உள்ளே வந்து படுக்கவில்லை.

சாப்பாடு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான். தட்டு நிறையக் கறியும் மாவுப் பட்டையும் போட்டால் துடைத்துவிட்டு ரொட்டியைத் தேடுவான். ஆனால் இடைவாரில் மாதம் ஒரு துளை உள்ளே போனது. கன்னம் ஒட்டியது. தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் நடுங்கிச் சிந்தியது. படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்பு குரலே உயர்த்தாதவன், வேலிக் கம்பி அறுந்ததற்கெல்லாம் கத்தினான். கத்திய பிறகு தானே திகைத்து நிற்பான்.

இதையெல்லாம்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதாகிறது, மல்லை விட்டதால் உடம்பு இறங்குகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அவனை உலுக்கிப் போட்டது வேறொன்று. வசந்தத்தில் ஒரு நாள் சட்டை உரசியபோது மார்க்காம்பு வலித்தது. தொட்டுப் பார்த்தான். உள்ளே அடை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. அடுத்த மாதம் மறு பக்கமும் வந்தது. கோடைக்குள் இரண்டு மார்பும், பருவத்துக்கு வந்த பெண்ணுக்கு வருவதுபோல, எழும்பி நின்றன.

எங்கள் ஊரில் சனிக்கிழமை ஆண்கள் நீராவிக் குளியலுக்குப் போவார்கள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். எசென்குல் ஒரு சனிக்கிழமை போனான். துண்டைத் தோளில் போட்டு மார்பை மறைத்தபடி மூலையில் உட்கார்ந்தான். கங்கெல்தியும் அங்கே இருந்தான். கங்கெல்தி அவன் வயதொத்தவன், பக்கத்து வீட்டுக்காரன். எங்களில் வயதொத்தவர்களுக்கு ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் கேலி செய்ய உரிமை உண்டு. அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவன்தான் சின்ன மனிதன்.

தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது துண்டு நழுவியது.

"டேய் எசென்," என்றான் கங்கெல்தி. "எப்படா உண்டான? சொல்லவே இல்லையே. பால் குடுக்கற காலம் வந்தா கூப்பிடு, தாலாட்டுப் பாட நான் வர்றேன்."

குளியலறை முழுக்கச் சிரித்தது. எசென்குலும் சிரித்தான். "மொதல் வாய் உனக்குத்தான்டா," என்று திருப்பியும் சொன்னான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு உடம்பைத் துடைக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அதற்குப் பின் அவன் அங்கே போனதில்லை.

அன்றிலிருந்து பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தான். புல் அறுக்கும் வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். உடை மாற்றுவது கொட்டிலுக்குள். புருல்சா பின்னால் வந்து தோளில் கை வைத்தால் நெளிந்து விலகிப்போனான். தனக்குள் ஆண்மை வடிந்து ஏதோ பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவன் நம்பினான். இதை யாரிடம் சொல்வது?

நெஞ்சு படபடப்பைப் பார்த்து பயந்து, புருல்சா ஒரு நாள் அவனை வலுக்கட்டாயமாக ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். புதிதாக வந்திருந்த இளம் பெண் மருத்துவர். நாடியைப் பிடித்தாள். நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தாள். முகம் மாறியது.

"பைகே, சட்டையக் கழட்டுங்க. நெஞ்சக் கேக்கணும்," என்றாள், அண்ணன் முறை வைத்து.

"சட்டைக்கு மேலயே கேளும்மா."

"அப்படிக் கேக்க முடியாது. வெக்கப்பட என்ன இருக்கு, நான் டாக்டர்தானே."

"எனக்கு ஒண்ணும் இல்ல. இவதான் இழுத்துட்டு வந்தா."

எழுந்துவிட்டான். மருத்துவர் வாசல்வரை வந்தாள். "கழுத்தையாவது பாக்க விடுங்க. ரத்தம் எடுக்கணும். இத இப்படி விடக் கூடாது," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவன் ஏற்கெனவே குதிரை கட்டியிருந்த இடத்துக்குப் போயிருந்தான்.

அவன் தேடிப்போனது மெதெரை. மெதெர் முன்னாள் மல்லன். நரின் நகரத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினான். எசென்குல் சுற்றி வளைத்து, தன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்கு மார்பு எழும்பியிருக்கிறது, பையன் தூக்குப் போட்டுக்கொள்வான் போலிருக்கிறது என்றான்.

மெதெருக்கு அது புதிதில்லை. "ஊசி போட்டு ஒடம்பு ஏத்துற பசங்களுக்கு இது வரும் பைகே. பொம்பள ஹார்மோன் ஏறிப்போச்சுன்னா அப்படித்தான். அதுக்கு மாத்திர இருக்கு. அந்த ஹார்மோன அடியோட வறட்டிடும்."

"வறட்டினா ஒண்ணும் ஆகாதா?"

"ஆம்பளைக்கு எதுக்கு பைகே அது?"

அது சரிதான் என்று எசென்குலுக்கும் தோன்றியது. வெள்ளையாகச் சின்ன மாத்திரைகள். மெதெர் அவற்றை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தான். மாதத்துக்கு ஒரு தடவை போய் வாங்கி வர வேண்டும். தம்பிக்குத்தான் என்ற கதையை மெதெர் நம்பினானா இல்லையா தெரியாது. வேறெதுவும் கேட்கவில்லை. அவன் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

மாத்திரை வேலை செய்தது. வலி போயிற்று. இலையுதிர்காலத்துக்குள் வீக்கம் பாதி வற்றிவிட்டது. எசென்குல் கொட்டிலுக்குள் சட்டையைத் திறந்து தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு சீட்டியடித்தான். உடம்பு இன்னும் இளைத்தது, கை இன்னும் நடுங்கியது, முதுகு புதிதாக வலிக்க ஆரம்பித்தது. அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு முறை கடிவாளத்தைச் சுவர் ஆணியில் மாட்டப் போனபோது கை எட்டவில்லை. முதுகு வலியில் நிமிர முடியவில்லை என்று நினைத்து ஆணியைக் கொஞ்சம் இறக்கி அடித்துக்கொண்டான்.

புருல்சா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனிப் படுக்கை. கிட்டே போனால் விலகல். மாதம் தவறாமல் நரினுக்குப் பயணம். போய் வந்தால் முகத்தில் ஒரு தெளிச்சி. இளைத்துப் போன உடம்பு, எரிச்சல். நாற்பது வயதைக் கடந்த எந்தப் பெண்ணும் இதை எப்படிக் கூட்டிப் பார்ப்பாளோ அப்படித்தான் அவளும் கூட்டிப் பார்த்தாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டாள். அவன் நரினிலிருந்து அப்போதுதான் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஜாங்கிலோட அப்பா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். நரின்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"மாசா மாசம் எங்க போறீங்க?"

"வேலை."

"என்ன வேலைன்னு சொல்லுங்க. சொன்னா முடிஞ்சிருச்சு. இனிமே கேக்க மாட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். மாத்திரை அப்போது அவன் மேற்சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து மாவுப் பலகையில் வைத்திருந்தால் போதும். ஆனால் வைத்த அடுத்த கணம் அவள் எதற்கு மாத்திரை என்று கேட்பாள். அதற்கடுத்து சட்டையைத் திறக்க வேண்டும்.

"பொம்பளதானே?" என்றாள் புருல்சா.

அவன் தரையைப் பார்த்தான்.

"அப்படித்தான்னு வெச்சுக்க," என்றான்.

அவள் கையில் ஒட்டிய மாவை நிதானமாக உருட்டி எடுத்தாள். அந்த மாவில் ரொட்டி சுட்டாள், அவனுக்குச் சாப்பாடு போட்டாள். மறுநாள் காலை ஒரு பையோடு தெருமுனையில் நின்று பிஷ்கெக் போகும் வண்டியில் ஏறினாள். எசென்குல் வாசலில் நின்றிருந்தான். தடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன் என்று பின்னாளில் அவளே சொன்னாள். வண்டி தோலோன் கணவாய் ஏறுகிறவரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாளாம்.

மகள் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜாங்கில் அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஊரில் சேதி பரவியது. பெண்கள் எசென்குலைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். ஆண்கள் அப்படியில்லை.

"பாருடா இவன," என்று சந்தையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான் கங்கெல்தி. "நமக்கெல்லாம் வீட்டுல இருக்கறவளே திரும்பிப் பாக்கறதில்ல. இவன் ஊரு விட்டு ஊரு போய் வாழறான். அதான் இப்படி எளச்சுப் போயிட்டான்."

எசென்குல் மறுக்கவில்லை. உதட்டோரம் சிரித்துக்கூட வைத்தான். அந்தக் கேலி அவனுக்குப் போர்வை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் போர்வை இல்லை. தானே சமைத்து, நின்றபடியே சாப்பிட்டு, முன்னறையில் சேணங்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்வான்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று.

மலை மேய்ச்சலிலிருந்து மந்தை இறங்கிய மாதம். ஒரு மாலை எசென்குல் குதிரையை முற்றத்துக்குள் கொண்டு வந்து நிறுத்தி இறங்கினான். குதிரை மிரளவில்லை, அவன் வழுக்கவும் இல்லை. வாழ்நாளெல்லாம் இறங்கியதுபோல இடது காலைத் தரையில் ஊன்றினான். காய்ந்த கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. குதிரை எதையோ மிதித்துவிட்டது என்று திரும்பிப் பார்க்கப் போனான். அதற்குள் கீழே கிடந்தான்.

சத்தம் கேட்டு வேலி தாண்டி வந்தவன் கங்கெல்திதான். கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்ததைப் பார்த்துக் கதவு ஒன்றைக் கழற்றி எடுத்து வந்தான். நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது சட்டை மேலேறியது. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய அழுக்குத் துணி தெரிந்தது. எசென்குல் வலியையும் மறந்து சட்டையை இழுத்து மூடினான். கங்கெல்தி அந்தத் துணியைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காமல் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நரினில் படம் எடுத்துப் பார்த்து பிஷ்கெக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இந்த ஆளின் படம்தானா என்று கேட்டாராம். தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் எப்போதோ நசுங்கிப் போயிருந்தன. எண்பது வயதுக் கிழவரின் எலும்பு. ஆனால் உடனே அறுக்க முடியாது என்றார்கள். நெஞ்சு துடித்த துடிப்பில் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஹார்மோன் மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் பெயர் சோனுன். ஐம்பது வயது இருக்கும், குட்டையான அம்மாள். வந்ததும் வராததுமாகக் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "இது எத்தன வருஷமா இப்படி இருக்கு?" என்றார்.

ஜாங்கில் அழுது கேட்டதால் புருல்சாவும் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். கட்டில் பக்கம் நின்றவளை சோனுன் அம்மாள் வெளியே போகச் சொன்னார். பிறகு தானே எசென்குலின் பொத்தான்களைக் கழற்றினார். அவனுக்குத் தடுக்கத் தெம்பில்லை. துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"இதுக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவன் சொன்னான். முதல் முறையாக ஒரு மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவன் காட்டிய மாத்திரைப் பட்டையைப் பார்த்ததும் சோனுன் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எசென்குல், எலும்பு ஒரு தடவ கட்டி விட்டுட்ட செவரு இல்ல," என்றார். "உள்ள எப்பவும் ஒரு கூட்டம் பழசப் பேத்துக்கிட்டே இருக்கும். இன்னொரு கூட்டம் பின்னாலேயே பூசிக்கிட்டு வரும். உங்க கழுத்துல இருக்கற தைராய்டு அளவு மீறிச் சுரக்குது. அதனால பேக்கறவங்களுக்குக் கண்டபடி வேகம். பூசறவங்களால பிடிக்க முடியல. எளச்சது, வேத்தது, கை நடுங்கினது, கோவம், எல்லாமே அதுதான்."

"மார்பு?"

"அதுவும் அதேதான். எல்லா ஆம்பளைக்கும் ஆம்பள ஹார்மோன்ல கொஞ்சம், பொம்பள ஹார்மோன்னு சொல்ற ஈஸ்ட்ரோஜனா மாறும். தைராய்டு ஏறினா அந்தக் கணக்கு தப்பும். ஈஸ்ட்ரோஜன் பக்கம் கனம் கூடிடும். அதான் எழும்பிச்சு. நீங்க பொம்பளையா மாறல, யாரும் அப்படி மாற மாட்டாங்க. உங்கள மாதிரி நெறைய ஆம்பளைங்கள நான் பாத்திருக்கேன்."

நிறைய பேர் என்றதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அத வறட்டினா நல்லதுன்னுதானே..." என்று இழுத்தான். "ஆம்பளைக்கு அது எதுக்கு?"

"எலும்புக்கு. பேக்கற கூட்டத்தக் கட்டுப்படுத்தி வெக்கறதே அதுதான், ஆம்பளைக்கும்கூட. நீங்க ஆடு வளக்கறவர், ஒங்களுக்குச் சொன்னா புரியும். பட்டிக்குள்ள ஓநாய் பூந்திருக்கு. நாய் கொலச்சுக்கிட்டே இருக்குது, சத்தம் தாங்கலேன்னு நாயக் கொன்னுட்டீங்க."

அவன் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மாத்திர சாப்பிடாம இருந்திருந்தா மார்பு அப்படியே நின்னிருக்குமா?"

சோனுன் அம்மாள் சொல்லலாமா என்று யோசித்ததுபோல இருந்தது. "தைராய்டுக்கு மருந்து சாப்பிட்டிருந்தா, அது அடங்க அடங்க இதுவும் தானா வத்தியிருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். சில மாசம்."

"ஊர்ல ஒரு டாக்டர் பொண்ணு," என்றான் எசென்குல். "கழுத்தப் பாக்க விடுங்கன்னு பின்னாலேயே வந்துச்சு."

அறுவைக்கு அவசரப்பட முடியவில்லை. தைராய்டை மருந்தால் ஓரளவு அடக்குகிறவரை காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வாரங்கள் போயின. புருல்சா தையல் வேலை முடிந்து தினமும் வந்தாள். வடிசாறு கொடுத்தாள், முகம் துடைத்தாள், போர்வையைச் சரிசெய்தாள். பேச்சு மட்டும் கிடையாது. எசென்குல் தினமும் சொல்ல நினைத்து, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். ஒரு மதியம் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அவ வர மாட்டாளா?"

"யாரு?"

"நரின்காரி. இத்தன நாளாச்சு, எட்டிக்கூடப் பாக்கல. கால் ஒடஞ்சவன் வேண்டாம்னு விட்டுட்டாளா?"

"அவ இல்ல."

"அதான் கேக்கறேன். போயிட்டாளா?"

"போகல. இருந்ததே இல்ல, புருல்சா. அப்படி ஒருத்தி இல்லவே இல்ல."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அவன் பொத்தான்களைத் தானே கழற்றினான். நடுங்கும் விரல்களால் அதற்கு நேரமாயிற்று. அவள் உதவவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். துணி இப்போது இல்லை. மார்பில் பெரிதாக எதுவும் மிச்சமும் இல்லை. லேசான தொய்வு, அவ்வளவுதான். தட்டுத் தடுமாறி முழுவதும் சொல்லி முடித்தான்.

"இதுக்கா?" என்றாள் புருல்சா.

அவன் தலையசைத்தான்.

"பொம்பள வெச்சிருக்கேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்ல வெக்கமா இல்ல. ஒடம்பு சரியில்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

"நீ கேவலமா நெனப்பேன்னு..."

"நான் ஒன்ன எப்ப கேவலமா நெனச்சேன்?" அவனை அவள் ஒருமையில் பேசியது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. "ஒரு வருஷமா அவள சபிச்சிருக்கேன். தெச்சுக்கிட்டே சபிப்பேன். அவளுக்கு மொகம்கூட வெச்சிருந்தேன். செம்பட்ட முடி, ஒரு தங்கப் பல்லு. பேருகூட வெச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

"அத ஒனக்குச் சொல்ல மாட்டேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நடைவழியில் சுவரைப் பார்த்து நின்று அழுததாக ஜாங்கில் சொன்னாள். திரும்பி வந்து மிச்சச் சாற்றை ஊட்டினாள். ஆறியிருந்தது.

அறுவை நடந்தது. இடுப்பில் உலோகம் வைத்தார்கள். தாமதமானதால் கால் கொஞ்சம் குட்டையாகிப் போயிற்று. முதுகில் நசுங்கிய கட்டைகள் நிமிரவில்லை, நிமிராது என்றும் சொல்லிவிட்டார்கள். எசென்குல் ஊன்றுகோலோடு ஊருக்குத் திரும்பியபோது அவன் கங்கெல்தியின் உயரத்துக்குத்தான் இருந்தான். முன்பு கங்கெல்தி அவன் காதளவு.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கங்கெல்திதான் அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டான். வைக்கோல் போட்டான், பனியைத் தள்ளினான், பிரசவம் பார்த்தான். ஒரு நாள் தேநீர் குடித்தபடி, "எசென், அன்னிக்கி நான் பேசினது..." என்று தொடங்கினான்.

"விடுடா. நீ பேசாம யாரு பேசுவா?"

"தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டேன்."

"எனக்கே தெரியல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

அதோடு அது முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு கங்கெல்தி அவனை எதற்கும் கேலி செய்வதில்லை. ஊரில் எல்லோரையும் ஓட்டுகிறவன், எசென்குல் வந்தால் வானிலை பற்றிப் பேசுகிறான். முறிந்த எலும்பைவிட இதுதான் தன்னைப் படுத்துகிறது என்று எசென்குல் என்னிடம் ஒரு தரம் சொன்னான்.

மெதெரும் வந்து பார்த்தான், ஒரு பானைத் தேனோடு. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. "நல்லதுக்குன்னு நெனச்சேன் பைகே," என்றான். இன்னும் யார் யாருக்குக் கொடுத்தாய் என்று எசென்குல் கேட்டான். மெதெர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். போய் அவர்களிடம் சொல்வதாகச் சொல்லிப் போனான். சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

தைராய்டு மருந்தில் அடங்கியது. வியர்வை நின்றது, கை நடுக்கம் நின்றது. கோபமும் போயிற்று. பழைய எசென்குல் திரும்பி வந்துவிட்டான், உடம்பு மட்டும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பிஷ்கெக் போய் எலும்புக்கு மருந்து ஏற்றிக்கொள்கிறான். முதல் தடவை அளந்து பார்த்தபோது எலும்பு சற்றுத் தேறியிருந்தது. சோனுன் அம்மாளுக்கு மகிழ்ச்சி. "போனது முழுசா வராது. ஆனா இனிமே போகாது," என்றார். குதிரை ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. குதிரைகளை விற்றான். வாங்கியவன் ஓட்டிப் போகும்போது எசென்குல் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டான்.

புருல்சா பனி உருகும்வரை அத்-பாஷியில் அவனோடு இருந்தாள். வசந்தத்தில் தையல் கூடத்துக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னாள். அங்கே அவளை மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. மாதத்தில் ஒரு வாரம் வருவாள், மற்ற நாட்களில் தொலைபேசியில் பேசுவாள். அவன் மறுத்துப் பேசவில்லை. பேச உரிமை இருப்பதாகவும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு முறை அவளை வண்டி ஏற்ற ஊன்றுகோலோடு தெருமுனைவரை வந்தான். நானும் நரினுக்குப் போக அங்கே நின்றிருந்தேன்.

"மனசு ஆறிடுச்சா புருல்சா?" என்று கேட்டான், என்னை மறந்து.

அவள் பையை வண்டிக்குள் வைத்துவிட்டு யோசித்தாள். "அவமேல ஆறிடுச்சு," என்றாள். "பாவம், அவ என்ன செஞ்சா. ஒங்க மேலதான் இன்னும் ஆறல. ஆறும்போது சொல்றேன்."

பிறகு அவன் தொப்பியைச் சரிசெய்து விட்டாள். முன்பெல்லாம் அதற்கு அவள் நுனிக்காலில் எழும்பி எட்ட வேண்டியிருக்கும். இப்போது கையை நேராக நீட்டினாலே போதுமாயிருந்தது. அது இருவருக்குமே தெரிந்தது. அவள் சட்டென்று வண்டியில் ஏறிக்கொண்டாள், பின்னாலேயே நானும் ஏறினேன். வண்டி கிளம்பி நெடுந்தூரம்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னர் என்னிடம், சந்தையில் அவருக்குப் பிடித்த ஆட்டுக் குடல் இப்போது நல்லதாகக் கிடைக்கிறதா, அதை யார் வாங்கிக் கொடுப்பது என்று கேட்க ஆரம்பித்தாள்.